தேசிக்காயை ஹோர்மோனில் முக்கினால் பூஞ்சணம் நிற்குமா?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில், கரடியனாற்றுப் பக்கம் இருக்கிறோம். 45 தேசி மரம் நிற்கிறது. விலை விழுகிற நேரம் காய்களை ஆய்ந்து, கழுவி, உரப்பையில் கட்டி அறையில் வைப்போம். வாழைக்குலை பழுக்கப் போடுவதும் அதே அறையில்தான். பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சைத் தூள் போலப் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. சில காய் காம்படியில் மண்ணிறமாகிக் கூழாகிறது. ஏதோ ஒரு பயிர் ஹோர்மோனைத் தண்ணீரில் கரைத்து முக்கி எடுத்தால் இரண்டு மாதம் பழுதாகாது என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். நெல்லுக்கு அடிக்கிற எம்.சி.பி.ஏ.யும் ஹோர்மோன்தானே, அதையே போட்டால் என்ன என்று என் தம்பி கேட்கிறான். எதைப் போடலாம்?

பதில்: தம்பியின் கேள்விதான் அவசரமானது. எம்.சி.பி.ஏ. போடவே வேண்டாம். அது ஒக்சின் என்ற ஹோர்மோனைப் போல வேலை செய்யும் செயற்கைப் பொருள் என்பது சரிதான். ஆனால் வயலில் களைக்குத் தெளிக்க வந்த மருந்து அது, சாப்பிடுகிற காயை முக்கி எடுக்க வந்ததல்ல. தம்பிக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சையை மாதக்கணக்கில் களஞ்சியத்தில் வைப்பவர்கள், அதே குடும்பத்தைச் சேர்ந்த 2,4-டி என்ற பொருளை மெழுகோடு சேர்த்துப் பூசுவதுண்டு. அங்கே அதற்கென்று தயாரித்த கலவை இருக்கிறது, அளவு இருக்கிறது, பழத்தில் எவ்வளவு மிஞ்சலாம் என்று சட்ட வரம்பும் இருக்கிறது. நம் கையில் இருப்பது வயல் போத்தல்.

சரி, அவர்கள் ஏன் களைக்கொல்லிக் குடும்பத்துப் பொருளைப் பழத்தில் பூசுகிறார்கள்? அது விளங்கினால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

தேசிக்காயின் தலையில், காம்பு ஒட்டியிருக்கும் இடத்தில் சின்னப் பச்சைப் பொத்தான் போல ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் பாருங்கள். காம்படி அழுகலை உண்டாக்கும் பூஞ்சணம் காய் மரத்தில் நிற்கும்போதே அந்தப் பொத்தானில் வந்து குந்திவிடும். பொத்தான் உயிரோடு பச்சையாக இருக்கும்வரை அதனால் உள்ளே போக முடியாது. பொத்தான் காய்ந்து கழரும்போது அடியில் வழி திறக்கிறது, காம்படியிலிருந்து மண்ணிறமாக அழுகல் இறங்குகிறது. ஒக்சின் வகைப் பொருள் அந்தப் பொத்தானைக் கழர விடாமல் பிடித்து வைக்கிறது. ஜிபரெலின் என்ற இன்னொரு ஹோர்மோன் தோலை முதுமையடைய விடாமல், பச்சை மாறாமல் வைக்கிறது. இரண்டில் எதுவும் பூஞ்சணத்தைக் கொல்வதில்லை. காயை இளமையாக வைத்திருக்கின்றன, இளமையான காய் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது.

உங்கள் கடைக்காரர் சொன்ன ஹோர்மோன் பெரும்பாலும் ஜிபரெலின் வகையைச் சேர்ந்த ஜிபரெலிக் அமிலமாகத்தான் இருக்கும். அதன் பிறப்பு நெல் வயலில், அதுவும் ஒரு பூஞ்சணத்திலிருந்து. நாற்று மேடையில் சில நாற்று மட்டும் வெளிறி, மற்றதை விட நெட்டையாக வளர்ந்து, பிறகு சாய்ந்து சாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நோயைத் தைவானில் ஆராய்ந்த குரோசாவா என்ற ஜப்பானியர், நாற்றை நெட்டையாக்குவது பூஞ்சணம் சுரக்கும் ஒரு பொருள்தான் என்று 1926-ல் காட்டினார். அந்தப் பொருளுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் ஜிபரெலின். பூஞ்சணம் தந்ததை வைத்தே பூஞ்சணத்தைத் தள்ளிப்போடப் பார்க்கிறோம்!

ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு நோயல்ல, இரண்டு. காம்படியில் மண்ணிறமாக இறங்குவது ஒன்று, ஹோர்மோன் உதவக்கூடியது அதற்குத்தான். முதலில் வெள்ளையாகப் படர்ந்து பிறகு பச்சைத் தூளாவது மற்றது. அதன் பெயர் பெனிசிலியம் டிஜிட்டாட்டம். அது பொத்தானுக்காகக் காத்திருப்பதில்லை, காயம் வழியாக நுழைகிறது. முள் கீறியது, நகம் பட்டது, கொக்கத்தடி இழுத்ததில் தோல் கிழிந்தது, நிலத்தில் விழுந்து கன்றியது, எதுவானாலும் அதற்குப் போதும். காயம் இருக்கிற காயை எத்தனை தரம் ஜிபரெலினில் முக்கினாலும் பச்சைத் தூள் வரும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே காசு கொடுத்து ஹோர்மோன் தூள் வாங்கும் முன், அடுத்த பையைக் கொட்டி எண்ணிப் பாருங்கள். அழுகியதில் எத்தனை காம்படியில் தொடங்கியது, எத்தனை பக்கவாட்டில் தொடங்கியது? பக்கவாட்டில்தான் அதிகம் என்றால் நீங்கள் மாற்ற வேண்டியது காய் ஆய்கிற விதத்தை.

மரத்தை உலுப்ப வேண்டாம். காயைப் பிடித்து முறுக்கி இழுத்தால் பொத்தான் மரத்தோடு நின்றுவிடும், காயில் திறந்த வாய் மிஞ்சும். சின்னக் கத்தரிக்கோலால் பொத்தானைக் காயிலேயே விட்டு, காம்பை ஒட்ட வெட்டுங்கள். நீளமாக விட்டால் அந்தக் காம்பே பக்கத்துக் காயைக் குத்தும். விடிகாலைப் பனியிலும் மழை விட்ட கையோடும் ஆயக்கூடாது. அப்போது தோல் தண்ணீர் குடித்து விறைத்திருக்கும், சின்ன அமுக்கத்துக்கே எண்ணெய்ப் பைகள் உடையும். அந்த எண்ணெய் தோலையே சுட்டுப் புள்ளி விழுத்தும், அந்தப் புள்ளியிலும் பூஞ்சணம் ஏறும். மாரி காலத்தில் நமக்கு இது பெரிய தொல்லை. வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு ஆய்ந்து, ஓர் இரவு நிழலில் பரப்பி வைத்துவிட்டுக் கழுவினால் தோல் கொஞ்சம் தளர்ந்திருக்கும், சேதம் குறையும்.

கழுவும் இடத்தில்தான் பச்சைப் பூஞ்சணத்துக்கு நல்ல மருந்து இருக்கிறது, அது குசினியிலேயே கிடைக்கும். அப்பச்சோடா. லீற்றருக்கு 30 கிராம் போட்டு, தண்ணீரை 40 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, காயை இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, நிழலில் காய விடுங்கள். புதிதாகப் பட்ட காயத்தில் இறங்கிய வித்திகள், அதாவது பூஞ்சணத்தின் விதை போன்ற தூள், முளைப்பதை இது நன்றாகவே அடக்கும், அதனால் ஆய்ந்து ஒரு நாளுக்குள் செய்துவிட வேண்டும். நேற்றைய தண்ணீரை இன்றைக்கும் பாவிப்பது, ஊற வைத்த பூஞ்சணத்தில் காயைக் குளிப்பாட்டுவது போன்றது. உடைகளுக்குப் போடும் சலவைச் சோடா வேறு, அதைத் தொட வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் காம்படி அழுகல் தொல்லை தந்தால், காய் சீக்கிரம் மஞ்சளாகி விலை போகாமல் இருந்தால், அப்போது ஜிபரெலினை யோசிக்கலாம். முதலில் லேபலை வாசியுங்கள். பெரும்பாலானவை வயலில் தெளிப்பதற்கென்று வருபவை. ஆய்ந்த காயில் போடலாம் என்று லேபலில் இல்லாவிட்டால், விற்கிற காயில் அதைப் போடாதீர்கள். உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் போத்தலைக் காட்டிக் கேட்கலாம், 1920 என்ற விவசாயத் திணைக்கள எண்ணுக்கும் அழைக்கலாம்.

அனுமதி உண்டு என்றால் கணக்கு இப்படி. லேபல் சொல்லும் அளவே முதன்மை. அதில் 100 பிபிஎம் என்று இருந்தால், லீற்றருக்கு 100 மில்லிகிராம் ஜிபரெலிக் அமிலம், 10 லீற்றருக்கு 1 கிராம். பைக்கற்றின் நிறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 10 சதவீதத் தூள் என்றால் அந்த 1 கிராமுக்கு 10 கிராம் தூள் வேண்டும். சுத்தமான அமிலம் வெறும் தண்ணீரில் இலேசில் கரையாது, ஆகவே தண்ணீரில் கரையும் வில்லையாக இருப்பதை வாங்குங்கள். காரத்தன்மையிலும் சூட்டிலும் ஜிபரெலின் கெட்டுவிடும். அதனால் அப்பச்சோடாத் தண்ணீரோடு கலக்கக் கூடாது. சோடா முதலில், அலசிக் காய்ந்த பிறகு ஜிபரெலின். கரைத்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

மரத்திலேயே தெளித்தால் வேலை குறையுமே என்று தோன்றும். தோல் மஞ்சளாவதை அதுவும் தள்ளிப்போடும். ஆனால் ஜிபரெலின் தேசிக் குடும்பத்து மரங்களில் பூப்பதைக் குறைக்கும். தேசி வருடத்தில் பலமுறை பூக்கிற மரம், இந்தக் காயைக் காக்கப் போய் அடுத்த பூவை இழந்துவிடுவீர்கள். நான் தெளிக்கச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த வாழைக்குலை. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. பழுக்கிற வாழை எதிலீன் என்ற வாயுவை விடுகிறது. அதுவும் ஒரு ஹோர்மோன்தான், ஆனால் முதுமையாக்குகிற ஹோர்மோன். தேசிக்காயை மஞ்சளாக்கி, பொத்தானைக் கழரச் செய்வதும் அதுதான். ஒரு பக்கம் இளமைக்குத் தூள் வாங்கி, மறுபக்கம் அதே அறையில் முதுமைக்கு வாயு விடுகிறீர்கள். குலையை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இதற்குச் செலவே இல்லை. பச்சைப் பூஞ்சணம் பிடித்த காயும் எதிலீன் விடும். உரப்பைக்குள் ஒன்று பழுதானால் வித்தியைக் கொட்டுவதோடு மற்றக் காய்களை முதுமையாக்கவும் செய்கிறது.

உரப்பையே பிழையான பாத்திரம். உள்ளே வியர்த்து, அடியில் இருப்பது நசிந்து ஈரமாகும். காற்றோடும் பிளாஸ்டிக் கூடையில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். பழுதான காயைக் கண்டால் அறைக்குள் உதறாமல், கையில் பொலித்தீன் பையை மாட்டி, காயைப் பிடித்தபடியே பையை மறுபுறம் புரட்டி முடிந்து வெளியே கொண்டுபோங்கள். ஒரு காயில் கோடிக்கணக்கான வித்தி இருக்கும். குளிர்ப்பெட்டியும் நீண்ட நாளைக்குச் சரிவராது. தேசிக்காய்க்கு 10 பாகைக்குக் கீழே குளிர் ஒத்துக்கொள்ளாது, தோல் குழி விழும். வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் நம் பெரியவர்கள் செய்ததைப் போல, மண்முட்டியில் சற்றே ஈரமான சுத்த மணலுக்குள் காயோடு காய் முட்டாமல் புதைத்து வைக்கலாம். ஒன்று அழுகினாலும் பக்கத்துக்கு இலேசில் பரவாது.

மல்லிகை எண்ணெயில் இருக்கிற ஒரு ஹோர்மோன் பூஞ்சணத்தைத் தடுக்கும் என்ற செய்தியும் சுற்றுகிறது. அதில் உண்மை உண்டு. மெத்தில் ஜாஸ்மோனேற் என்ற அந்தப் பொருள் தோடையினத்துப் பழங்களில் பச்சைப் பூஞ்சணத்தைக் குறைப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். அதற்காகக் கூடைக்குள் மல்லிகைப் பூ வைத்தால் வாசம் வரும், அவ்வளவுதான்.

எதைச் செய்தாலும் ஒரே நாளில் எல்லாக் காய்க்கும் செய்யாதீர்கள். ஒரே மரத்துக் காயில் நூறு எடுங்கள். ஐம்பதை மருந்தில் முக்குங்கள், ஐம்பதை வெறும் தண்ணீரில். மூன்று வாரம் ஒரே அறையில், வேறு வேறு கூடையில் வைத்து, வாரம் ஒருமுறை பழுதானதை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். மிச்சமான காயின் விலை மருந்துக் காசை விடக் கூட வருகிறதா என்று அப்போது தெரியும்.

ஆய்ந்த அன்றே பொத்தான் கழன்றது, கீறல் விழுந்தது, நிலத்தில் விழுந்தது என்று ஒரு குவியல் மிஞ்சும். அது எந்த ஹோர்மோனாலும் நிற்காது. அன்றைக்கே பிளந்து உப்புப் போட்டு வெயிலில் வையுங்கள், ஊறுகாயாக விற்கலாம். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.