ரோமானிய எல்லைக் கோட்டைகளை ஆராய்வதற்கு ஒருவர் வாழ்நாளையே கொடுக்க அதில் அப்படி என்ன இருக்கிறது?

வடக்கு இங்கிலாந்தில் ரோமானியர்கள் எல்லையாக எழுப்பிய ஹேட்ரியன் சுவரின் படத்தைப் போட்டு, 'இந்தக் கல் வரிசைக்கு ஓர் ஆயுளா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தொல்லியல் படித்தவன் இல்லை. நியூகாசிலில் வேறு வேலை பார்ப்பவன். ஆனால் ஒரு கோடையில் இரண்டு வாரம், சுவருக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் விண்டோலாண்டா கோட்டையில் தன்னார்வலராகக் குழியில் இறங்கியிருக்கிறேன். அதற்கு அப்புறம் இந்தக் கேள்வியே எனக்கு எழுவதில்லை.

இரண்டாவது வாரம், மண்ணைச் சுரண்டும் என் கரணையில் ஒரு செருப்பின் அடித்தோல் தட்டுப்பட்டது. கன்னங்கரேலென்று, நனைந்த வாழைமட்டை போல வளைந்தது. ஆணி அடித்த ஓட்டைகள் வரிசை கலையாமல் இருந்தன. நீளம் என் உள்ளங்கைகூட இல்லை. குழந்தையின் செருப்பு! அந்த மண்ணில் தண்ணீர் ஊறி, காற்றுப் புகாமல் இருப்பதால் தோலும் மரமும் 1,900 வருடமாக மக்கவில்லை. படைவீரர்கள் மட்டுமே இருந்த இடம் என்று நான் நினைத்திருந்த கோட்டைக்குள் ஒரு பிள்ளை ஓடி விளையாடியிருக்கிறது.

சரி, ஓர் ஆயுளைக் கொடுத்தவர் யார் என்றால், நான் எரிக் பர்லியைச் சொல்வேன். 1906இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1929இல், 23 வயதில், செஸ்டர்ஹோம் என்ற வீட்டையும் நிலத்தையும் ஏலத்தில் எடுத்தார். விண்டோலாண்டா புதைந்து கிடந்தது அந்த நிலத்தில்தான். பிறகு டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். தோண்டுவதைவிட அவர் பெரிதாகச் செய்தது கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்ததுதான் என்பது என் கருத்து. ஓர் அதிகாரி எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தார், எந்த மாகாணத்துக்கு மாற்றலானார், அடுத்து என்ன பதவி பெற்றார் என்று பலிபீடம், கல்லறை என ஒவ்வொன்றிலும் தேடிக் கோத்துக்கொண்டே போனார். அப்படிக் கோத்தால் படை எப்படி இயங்கியது என்பது தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இதே திறமை வேறு வேலைக்குப் போனது. ராணுவ உளவுப் பிரிவில் சேர்ந்து, துண்டு துண்டான தகவல்களிலிருந்து ஜெர்மன் படையின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்து நான்கே வருடத்தில், 1949இல், ரோமானிய எல்லை ஆய்வாளர்களின் முதல் மாநாட்டை நியூகாசிலில் கூட்டினார். அந்த மாநாடு இன்றும் வெவ்வேறு நாடுகளில் நடந்து வருகிறது.

செஸ்டர்ஹோமை அவர் பின்னால் விற்றுவிட்டார். ஆனால் 1973இல் அதே இடத்தில் தோண்டிய அவர் மகன் ராபின் பர்லிக்குத்தான் மரச் சீவல் போன்ற மெல்லிய ஏடுகள் கிடைத்தன. பிரித்தால் உள்ளே மை எழுத்து! காற்றுப் பட்டதும் எழுத்து மங்கிவிட, அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்துத்தான் படிக்க முடிந்தது. காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதைச் சொல்லும் கடிதம் ஒன்று, பிறந்தநாளுக்கு வரச்சொல்லித் தோழிக்கு ஒரு பெண் எழுதியது ஒன்று. ஒரு கணக்கு ஏட்டில், ஒருவர் இரண்டு தினாரியத்துக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) மிளகு வாங்கிய வரி இருக்கிறது. மிளகு நம் சேர நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு. அந்த வரியை முதலில் படித்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த ஏடு, அங்கே தங்கியிருந்த துங்ரியன் படைப்பிரிவின் (இன்றைய பெல்ஜியப் பகுதியில் திரட்டியது) ஆள்கணக்கு. கி.பி. 90களில், ஒரு மே 18ஆம் தேதி எழுதியது. பேரேட்டில் 752 பேர். கோட்டையில் இருந்ததோ 296 பேர். 337 பேர் கோரிஸ் என்ற பக்கத்து முகாமில், 46 பேர் ஆளுநரின் காவலுக்கு, மீதிப் பேர் வெவ்வேறு இடங்களில். ஆறு செஞ்சூரியன்களில் (நூற்றுவர் தலைவர்கள்) ஒருவர்தான் ஊரில் இருந்திருக்கிறார். இருந்த 296 பேரிலும் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய்க்காரர்கள் 10. ஒரு கோட்டைக்கு ஒரு படை, எல்லோரும் மதில்மேல் காவல் என்று நாம் மனதில் வரைந்து வைத்திருக்கும் படத்தை இந்த ஒரே ஏடு கலைத்துப் போடுகிறது. 1980களின் இறுதியில் இது கிடைத்தபோது எரிக் பர்லி எண்பதைக் கடந்து உயிரோடு இருந்தார். பெயர் பெயராகச் சேர்த்து அவர் தேடிய படை, தன் ஆள்கணக்கைத் தானே எழுதி அவருடைய பழைய நிலத்துக்குள் வைத்திருந்தது.

இதையே தொழிலாக எடுக்க நினைத்தால் லத்தீனும் ஜெர்மனும் படியுங்கள். ரைன், டான்யூப் ஆற்று எல்லைகளைப் பற்றிய ஆய்வில் பெரும்பகுதி ஜெர்மனில்தான் இருக்கிறது. பிரிட்டனில் தொல்லியலாளர்களில் பலருக்குச் சம்பளம் வருவது, கட்டடம் எழும்புவதற்கு முன் அந்த மனையைத் தோண்டிப் பார்க்கும் ஒப்பந்த வேலையிலிருந்து. விண்டோலாண்டாவில் இப்போது அகழ்வாய்வை நடத்துபவர் எரிக்கின் பேரன் ஆண்ட்ரூ பர்லி. அங்கே தோண்டப் பட்டம் எதுவும் தேவையில்லை. ஆனால் தன்னார்வலர் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.