மாயேன் ஆற்றங்கரைச் சரளைப் பாதை: கேட்டவர்களுக்குப் பதில்

பிரான்சின் மேற்குப் பகுதியில் மாயேன் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் கரையை ஒட்டி, மாயேன் நகரில் தொடங்கி லாவால், ஷத்தோ-கோந்தியே ஊர்களைத் தாண்டி மாவட்டத்தின் தெற்கு எல்லை வரை ஏறத்தாழ 85 கிலோமீட்டருக்குச் சரளைப் பாதை உண்டு. நான் பாரிஸ் அருகே வசிக்கிறேன்; அந்தப் பாதையில் ஐந்து முறை சைக்கிள் மிதித்திருக்கிறேன். கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மோட்டார் வண்டியே வராத பாதை என்கிறீர்கள். அப்படியும் ஓர் இடம் உண்டா?

உண்டு. பாதைக்குள் கார், பைக் நுழைய அனுமதி இல்லை. நுழைவாயில்களில் தடுப்புக் கட்டைகளும் நட்டிருக்கிறார்கள். பராமரிப்பு வண்டி ஒன்று எப்போதாவது எதிரே வரும், அவ்வளவுதான். பாலங்களின் அருகே சில இடங்களில் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். மற்றபடி உங்களுக்குப் போட்டியாக இருப்பவை மீன்பிடிப்பவர்களின் நீண்ட தூண்டில் கம்புகள்தான். அவை பாதையின் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்துப் போங்கள். எல்லையைத் தாண்டி ஆஞ்சே நகரம் வரை போகிறவர்கள் மட்டும், அங்கே சிறு கிராமச் சாலைகளும் கலந்து வரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் மெல்லிய டயர் கொண்ட ரேஸ் சைக்கிள்தான் இருக்கிறது. போதுமா?

25 மில்லிமீட்டர் டயரில் போனால் போய்ச் சேரலாம், கைகள் மரத்துப்போகும். மணலும் பொடிக்கல்லும் கலந்து இறுக்கிய தரை அது. காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை போல ஓடும், மழை பெய்துவிட்டால் அரைத்த மாவு மாதிரி ஆகி செயினில் ஏறிக்கொள்ளும். 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர் போட்ட எந்தச் சாதாரண சைக்கிளும் போதும். சரளைப் பாதைக்கென்றே விற்கும் கிராவல் சைக்கிளைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. மட்கார்டு மட்டும் அவசியம். முதல் முறை அது இல்லாமல் போய், லாவாலில் ஒரு விடுதி வரவேற்பறையில் முதுகெல்லாம் சேற்றுக்கோட்டுடன் நின்றேன். அந்த அம்மாள் எதுவும் சொல்லாமல் நாற்காலியின் மேல் ஒரு பழைய துண்டை விரித்தார்.

அக்கா, 85 கிலோமீட்டரும் சமதளம், ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மரம். சலித்துப்போகாதா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பாதை சைக்கிளுக்காகப் போட்டதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆற்றில் வரிசையாகத் தடுப்பணைகளும், படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் கட்டினார்கள். ஆஞ்சே வரையிலான நீர்வழியில் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்ப்பூட்டுகள் இருக்கின்றன. அப்போது சுமைப்படகுகளைக் கயிறு கட்டிக் கரையில் நடந்து இழுத்தவை குதிரைகள். குதிரை நடக்கப் போட்ட வழி என்பதால்தான் மேடு இல்லை, திடீர்த் திருப்பம் இல்லை, தண்ணீரை விட்டு விலகுவதும் இல்லை. பிரெஞ்சில் இதற்கு ‘ஷெமாங் த ஆலாஜ்’ என்று பெயர், அதாவது இழுவைப் பாதை. படகுகளில் போன சரக்கில் சுண்ணாம்பும் உண்டு. இந்தப் பகுதியின் அமிலத்தன்மை கொண்ட மண்ணைச் சீராக்க வயல்களில் கொட்டினார்கள். பிறகு ரயில் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டது. பாதை மட்டும் தங்கிவிட்டது.

ஒவ்வொரு நீர்ப்பூட்டின் அருகிலும் காவலர் குடியிருந்த சிறிய வீடு ஒன்று நிற்கும். சிலவற்றில் இன்று சிற்றுண்டிக் கடை நடக்கிறது, சிலவற்றில் தங்கவும் இடம் உண்டு. அடுத்த வளைவில் எந்த வீடு, அதன் சன்னல் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டே போனால் மணி போவது தெரியாது. அணை நெருங்குவதைக் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும். தாண்டியதும் ஓசை பின்னால் மெல்லத் தேயும்.

லாவாலில் கட்டாயம் இறங்குங்கள். கோட்டைக்குள் இருக்கும் எளிய பாணி ஓவியங்களின் அருங்காட்சியகம் இந்த ஊரில் 1844-இல் பிறந்த ஆன்றி ரூசோவை நினைத்து வைத்தது. பாரிஸ் சுங்கச்சாவடியில் வேலை பார்த்த மனிதர், பிரான்சை விட்டு வெளியே போகாமலே புலியும் காடுமாக வரைந்து தள்ளினார். அவர் கல்லறை பெரின் பூங்காவில் இருக்கிறது. ஆல்ஃப்ரெட் ஜாரியும் 1873-இல் இங்கேதான் பிறந்தார். எழுத்தாளர், தீராத சைக்கிள் பித்தர். இந்த ஊர்க் கடையில் கடனாக வாங்கிய சைக்கிளின் விலையைச் சாகும் வரை அடைக்கவில்லை. பித்து என்று சும்மா சொல்லவில்லை.

லாவாலுக்குத் தெற்கே ஆந்த்ராம் அருகே, ஆற்றை ஒட்டி ஒரு துறவி மடம். போர்-சலூ பாலாடைக்கட்டி பிறந்தது அங்கேதான். துறவிகள் 1959-இல் அந்தப் பெயரை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். மடம் இருக்கிறது, பாலாடைக்கட்டி வேறெங்கோ தயாராகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சலித்தால் மலைப்பாதைக்குப் போங்கள், தப்பில்லை.

எந்தத் திசையில் போவது நல்லது?

ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. கூடவே போனால் இறக்கம் என்று நினைப்பீர்கள். முழுத் தூரத்துக்கும் சில பத்து மீட்டர் இறக்கம்தான், கால் அதை உணராது. உணர்வது காற்றை. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அதனால் எனக்கு வடக்கு நோக்கிப் போவதுதான் பிடிக்கும். மரங்கள் அடர்ந்த இடங்களில் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

பாரிஸிலிருந்து எப்படிப் போவது?

மோன்பர்னாஸ் நிலையத்தில் லாவாலுக்கு டிஜிவி என்னும் அதிவேக ரயில் ஏறுங்கள். 2017-இல் புதிய அதிவேகப் பாதை திறந்த பிறகு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். எல்லா டிஜிவியும் முழு சைக்கிளை ஏற்றாது. ஏற்றுவதில் சைக்கிளுக்கும் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கழற்றிப் பைக்குள் போட்டுச் சாமானாகக் கொண்டுபோகலாம். மாயேனிலும் ஷத்தோ-கோந்தியேவிலும் பயணிகள் ரயில் கிடையாது, இதை மறந்துவிடாதீர்கள். லாவாலில் தங்கி ஒரு நாள் வடக்கே, ஒரு நாள் தெற்கே என்று போய்த் திரும்பலாம். வடக்கே மாயேனுக்கும் தெற்கே ஷத்தோ-கோந்தியேவுக்கும் தலா ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அல்லது தெற்கே ஆஞ்சே வரை மிதித்து அங்கிருந்து ரயிலைப் பிடியுங்கள்.

நான் சைவம். கிராமப்புறத்தில் பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் திட்டமிட வேண்டும். பக்கத்தில் பிரெத்தாஞ் மாநிலம் என்பதால், அங்கத்திய உணவான, கோதுமை அல்லாத கறுப்பு மாவில் சுடும் கலெத் தோசை பரவலாகக் கிடைக்கும். காளான், பாலாடைக்கட்டி வைத்துத் தரச் சொல்லலாம். முட்டை வேண்டாம் என்றால் முன்பே சொல்லுங்கள். கடுஞ்சைவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: பல பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள்.

உண்மையான ஆபத்து சாப்பாட்டு நேரத்தில்தான். சமையலறை பன்னிரண்டுக்குத் திறந்து இரண்டுக்கு மூடிவிடும். ஞாயிறு மதியமும் திங்களும் சிற்றூர்களில் ரொட்டிக்கடைக் கதவு பூட்டியிருக்கும். ஒரு திங்களன்று பிஸ்கட் பாக்கெட் ஒன்றை நான்கு வேளைக்குப் பங்கு போட்டவள் சொல்கிறேன். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். செடிகளுக்கு ஊற்றும் குழாய் அங்கே பெரும்பாலும் இருக்கும். ‘நோன் பொத்தாபிள்’, அதாவது குடிநீர் அல்ல, என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

எந்த மாதம்?

மே, ஜூன், செப்டம்பர். குளிர்காலத்தில் ஆறு பெருகிப் பாதையின் மேலேயே ஓடும். பிப்ரவரியில் போய், பாதைப் பலகை மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்பதைப் பார்த்துத் திரும்பினேன்.

பெண் தனியாகப் போகலாமா, அக்கா?

நான் மூன்று முறை தனியாகப் போயிருக்கிறேன். பகலில் எனக்கு ஒரு சங்கடமும் வந்ததில்லை. இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். விளக்கே இல்லாத ஆற்றங்கரை, விழுந்தால் எழுப்ப ஆள் இல்லை. அவசர எண் 112. எந்த நீர்ப்பூட்டைத் தாண்டினீர்கள் என்பதை நினைவில் வைத்திருந்தால் இடத்தைச் சொல்லச் சுலபம்.

எட்டு வயது மகனை அழைத்துப்போகிறோம். விதிகள்?

பன்னிரண்டு வயதுக்குக் கீழே தலைக்கவசம் 2017 முதல் கட்டாயம், பின்னால் உட்கார்ந்து வரும் குழந்தைக்கும்தான். ஒரு நாளுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். கரையில் பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் கிடையாது. பையனை ஆற்றுப்பக்கம் விடாமல் நீங்கள் அந்தப் பக்கம் போங்கள்.

நடப்பவர்களுக்குப் பின்னால் மணி அடித்தால் கோபித்துக்கொள்வார்களா?

சைக்கிளில் மணி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அந்தப் பாதையில் நடப்பவருக்கே முன்னுரிமை, பலரும் நாயுடன் வரும் வயதானவர்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லுங்கள். நாயைக் காலருகே இழுத்துக்கொண்டு வழிவிடுவார்கள். கேட்கவில்லை என்றால் அப்புறம் மணி.