கணினிக் கேள்வி பதில்: வன்தட்டை மாற்றினால் மீட்பு வசதி ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் கடவுச்சீட்டுப் படம் எடுத்தல், போட்டோ பிரதி, தட்டச்சு ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். விண்டோஸ் 11 கணினியின் வன்தட்டு ‘டக் டக்’ என்று சத்தமிடத் தொடங்கியதால், திருத்துநர் ஒருவர் அதிலிருந்த அனைத்தையும் எஸ்எஸ்டி (அசையும் பாகங்கள் இல்லாத சேமிப்புத் தட்டு) ஒன்றுக்கு க்ளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, தந்தார். இப்போது வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ‘ரீசெட்’ கொடுத்தால் மீட்புச் சூழலை (விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் தனிப் பகுதி) காணவில்லை என்கிறது. விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ப்ரொடெக்ஷன் பட்டியலில் சி ட்ரைவ் இரண்டு முறை தெரிகிறது. ஒன்றின் பக்கத்தில் ‘மிஸ்ஸிங்’ என்றிருக்கிறது. ஞாயிறுதோறும் தானாக நடந்த பேக்கப்பும் நின்றுவிட்டது. பழைய தட்டை யூஎஸ்பி உறையில் போட்டுப் பேக்கப்புக்காக வைத்திருக்கிறேன். விண்டோஸை மீண்டும் நிறுவத்தான் வேண்டுமா?
— வாசகி, உவர்மலை

பதில்: வேண்டியதில்லை. க்ளோன் செய்யும்போது கோப்புகள் அப்படியே வந்துவிடுகின்றன. ஆனால் மீட்பு வசதிகள் ‘சி’ என்ற எழுத்தை நம்பி இயங்குபவை அல்ல. தட்டின் எண், பார்ட்டிஷனின் (தட்டில் பிரித்த பகுதி) எண், அதற்குரிய அடையாளக் குறியீடு ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டே அவை தம் இடத்தைத் தேடுகின்றன. தட்டு மாறிய பின்பும் அந்தக் குறிப்புகள் பழைய இடத்தையே காட்டுவதால், உள்ளதையும் இல்லை என்கின்றன. ஒவ்வொரு வசதிக்கும் புதிய இடத்தைக் காட்டிக் கொடுத்தால் போதும்.

எதையும் தொடுமுன், வாடிக்கையாளர்களின் படங்களையும் கடைக் கணக்குகளையும் புதிய வெளித்தட்டு ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். சத்தம் போடுகிறது என்று கழற்றிய தட்டிடமே பேக்கப்பை ஒப்படைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது எப்போது வேண்டுமானாலும் கைவிடும். அதில் புதிதாக எதையும் எழுதாமல், அழிக்காமல், எல்லாம் சரியாகும் வரை தனியே வையுங்கள். மழைக் காலத்தில் மின்சாரம் நின்று நின்று வரும் நாளில், யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவும் வேண்டாம்.

இனி மீட்புச் சூழல். கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆர், ஈ, ஏ, ஜி, ஈ, என், டி, சி என்னும் எட்டு எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோட்டுடன் (/) ‘இன்ஃபோ’ என்று கொடுங்கள். உங்கள் கணினியில் பெரும்பாலும் நிலை ‘டிசேபிள்ட்’ என்றும், இடத்துக்கு எதிரே வெறுமையாகவும், கீழே உள்ள அடையாளத்தில் பூச்சியங்களாகவும் வரும். அதே கட்டளையை ‘இன்ஃபோ’வுக்குப் பதிலாக ‘எனேபிள்’ என்று கொடுத்தால் பல கணினிகளில் காரியம் அத்துடன் முடிந்துவிடும்.

முடியாவிட்டால், சி ட்ரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ரிக்கவரி என்ற கோப்புறையைப் பாருங்கள். அங்கே ‘வின்ஆர்ஈ’ என்ற பெயரும் ‘விம்’ என்ற பின்னொட்டும் கொண்ட கோப்பு இருக்க வேண்டும். அது மறைக்கப்பட்ட சிஸ்டம் கோப்பு என்பதால், அதைக் காட்டும்படி எக்ஸ்ப்ளோரரில் மாற்றாதவரை கோப்புறை வெறுமையாகவே தெரியும். பலர் இங்கேதான் ஏமாந்து திரும்பிவிடுகிறார்கள். கோப்பு இருந்தும் கட்டளை தோற்றால், பக்கத்திலுள்ள ‘ரீஏஜென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் பழைய தட்டின் விவரம் தங்கியிருக்கக்கூடும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் ‘எனேபிள்’ கொடுங்கள். விண்டோஸ் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். ‘விம்’ கோப்பே இல்லையென்றால், அதே பதிப்பு விண்டோஸின் நிறுவல் பென் ட்ரைவிலுள்ள ‘இன்ஸ்டால்’ படிமத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அதைத் திருத்துநரிடம் விடுவது நல்லது.

க்ளோன் மென்பொருள் மீட்புப் பார்ட்டிஷனைக் கொண்டுவராமல் விட்டிருந்தால், மீட்புச் சூழல் சி ட்ரைவிலேயே அமைந்துகொள்ளும், அதில் தவறில்லை. ஆனால் சி ட்ரைவில் பிட்லொக்கர் என்ற குறியாக்கப் பாதுகாப்பு இயங்கினால் அதற்கு அனுமதி கிடைக்காது, தனிப் பார்ட்டிஷன்தான் வேண்டும்.

சிஸ்டம் ப்ரொடெக்ஷனில் ‘மிஸ்ஸிங்’ என்றுள்ள வரியைத் தெரிவுசெய்து, கன்ஃபிகர் மூலம் அதன் பாதுகாப்பை நிறுத்திவிட்டு, புதிய சி ட்ரைவுக்கு அதனை இயக்குங்கள். இடமாக ஐந்து முதல் பத்து சதவீதம் ஒதுக்கினால் போதும். நின்றுபோன ஞாயிறு பேக்கப்பிலும் இதே கோளாறுதான் இருக்க வேண்டும். அதன் அமைப்பில் எதைப் பேக்கப் எடுப்பது என்று நீங்களே தெரிவுசெய்யும் பக்கத்துக்குச் சென்று, காணாமற்போன ட்ரைவுக்கு எதிரே உள்ள சரிக் குறியை நீக்கி, சேமிக்கும் இடமாகப் புதிய வெளித்தட்டைக் காட்டுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சிஸ்டம் ப்ரொடெக்ஷன் சேமித்து வைக்கும் ரெஸ்டோர் பாயின்ட் விண்டோஸின் அமைப்புகளைத்தான் பின்னோக்கிக் கொண்டுசெல்லும், அழிந்த படங்களைத் திருப்பித் தராது. படங்களுக்கு ஃபைல் ஹிஸ்டரியை இயக்கி வைத்தால், மாறிய கோப்புகளை அது வழக்கமாக மணிக்கொருமுறை நகலெடுக்கும். முழுத் தட்டுக்கான ‘சிஸ்டம் இமேஜ்’ வசதி இன்னும் இருந்தாலும், 2017இலேயே மைக்ரோசாஃப்ட் அதன் மேம்பாட்டைக் கைவிட்டுவிட்டதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இவையெல்லாம் முடிந்ததும், 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றுப் பென் ட்ரைவ் ஒன்றில் ‘ரிக்கவரி ட்ரைவ்’ உருவாக்கி, அதிலிருந்து கணினியை ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். தொடங்கிப் பார்க்காத மீட்புப் பென் ட்ரைவை நான் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: க்ளோன் செய்த பின் பழைய தட்டையும் புதியதையும் ஒன்றாக இணைத்தால், பழையது எக்ஸ்ப்ளோரரில் தெரிவதேயில்லை. பழுதாகிவிட்டதா?
— வாசகர், நிலாவெளி

பதில்: பழுதில்லை. க்ளோன் இரண்டுக்கும் ஒரே அடையாளத்தைக் கொடுத்துவிடுவதால், விண்டோஸ் ஒன்றை ‘ஆஃப்லைன்’ நிலையில் ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதன்மீது வலது சொடுக்கி ‘ஆன்லைன்’ கொடுத்தால் தெரியும். அப்போது விண்டோஸ் அதற்குப் புதிய அடையாளம் எழுதும், கோப்புகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் பிறகு அந்தத் தட்டிலிருந்து கணினி தொடங்க மறுக்கலாம். அவசரத்துக்கு அதை மீண்டும் பூட்டும் எண்ணம் இருந்தால், இரண்டையும் ஒன்றாக இணைக்காதீர்கள்.