அறுந்தது நூல்தான்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். கணக்கு என்று பெயரே தவிர, பாதி நேரம் நெல் காயும் களத்தில்தான் நிற்பேன். போன தையில் அப்பா தவறிவிட்டார். அவர் கழுத்தில் கிடந்த உருத்திராட்ச மாலையை இப்போது நான் அணிந்திருக்கிறேன். 54 மணிகளும் ஒரு நாயக மணியும் கொண்ட மாலை அது. எல்லாம் ஐந்து முகம், அதாவது மேலே ஐந்து கோடுகள் ஓடும் மணிகள்.

சென்ற மாதம் தாமிரபரணியில் குளிக்கும்போது மாலை அறுந்துவிட்டது. முங்கி முங்கித் தேடியதில் நாயக மணியும் 47 மணிகளும் கிடைத்தன. மீதி 7 மணிகளை ஆறு கொண்டுபோய்விட்டது. “தகப்பன் மாலை அறுந்தால் வீட்டுக்கு ஆகாது” என்று உறவில் ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. கடையில் கேட்டால், மிச்சத்தையும் ஆற்றில் விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார்கள். கடைக்காரர் மணிகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். இரண்டு மிதந்தன. அவை போலியாம். அப்பா இத்தனை காலம் போலியையா அணிந்திருந்தார்?

இன்னொன்று. மாலை அணிந்ததிலிருந்து பிடரியில் அரிப்பு இருக்கிறது. சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போகும்போதும் கறி சாப்பிடும்போதும் கழற்ற வேண்டும் என்கிறார்கள். இப்படிக் கழற்றிக் கழற்றி மாட்டுவதைவிட அணியாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

* * *

அன்புள்ள தம்பிக்கு,

அறுந்த நூலை எறிந்துவிடாமல் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் அதை அம்மாவின் கையில் கொடுங்கள். முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டுப்பட்ட நூலுக்கு முனை நேராக இருக்கும். உங்கள் நூலின் முனை இழை இழையாகப் பிரிந்து, மெலிந்து, கருத்துக் கிடக்கும். மாதக்கணக்கில் தேய்ந்த நூலுக்குத்தான் அப்படி ஒரு முனை இருக்கும்.

உருத்திராட்சம் ஒரு பழத்தின் கொட்டை. நீல நிறத்தில் பழுக்கும் அந்தப் பழத்தின் சதையை நீக்கினால் உள்ளே மரம்போலக் கெட்டியான ஓடு இருக்கும். கோர்ப்பதற்காக அதன் நடுவே துளைப்பான் விட்டு வழி செய்கிறார்கள். அந்தத் துளையின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியும். நீங்கள் குனியும்போதும் நிமிரும்போதும் அந்த விளிம்பு நூலை அராவிக்கொண்டே இருக்கிறது. நாயக மணியை ஒட்டிய இரண்டு பக்கங்களிலும், பிடரியில் சட்டைக் காலர் உரசும் இடத்திலும் தேய்மானம் அதிகம். அதன்மேல் வியர்வையின் உப்பும் ஆலையின் தவிட்டுத் தூசியும் சேர்ந்துகொள்கின்றன. மிச்சமிருந்த ஓரிரு இழைகளை ஆற்றின் இழுப்பு முடித்துவைத்தது, அவ்வளவுதான்.

அப்பா இந்த மாலையைக் கடைசியாக எப்போது கோர்க்கக் கொடுத்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அம்மாவுக்கு நினைவிருக்கும். அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில் மாலையின் நூலைப் பற்றி யாருக்கு நினைப்பு வந்திருக்கும்?

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. தலைத்திவசம்கூட வராத வீட்டில், கணவரை இழந்த ஒரு பெண்ணின் காதில் போடுகிற சொல்லா இது? நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால் நாயன்மார் வரிசையில் உழவாரத்தோடு நிற்கும் நாவுக்கரசரைப் பாருங்கள். அவர் கழுத்திலும் இந்த மணிதான். பல்லவன் யானையை ஏவியபோதுகூட அஞ்சாமல் நின்றவர் அவர். அவர் அணிந்த மணியை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே பயமுறுத்துவது எந்த வகையில் சைவம்? மாலை அறுந்தால் கோர்க்க வேண்டும். அதற்குமேல் அதில் பொருள் தேட எதுவும் இல்லை.

தண்ணீரில் மிதந்த இரண்டு மணிகளுக்கு வருகிறேன். இந்தச் சோதனையை நம்பி எத்தனையோ பேர் நல்ல மணிகளைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். முற்றிய, கனமான கொட்டை மூழ்கும். அதே மரத்துக் கொட்டை நன்றாகக் காய்ந்து, உள்ளறைகளில் காற்று நிறைந்திருந்தால் மிதக்கும். கெட்டியான வேறு மரத்தில் செதுக்கிய போலியும் மூழ்கும். துளைக்குள் ஈயம் வைத்து மூழ்க வைப்பவர்களும் உண்டு. ஆகவே மிதப்பதும் மூழ்குவதும் எதையும் நிரூபிப்பதில்லை. இரண்டு செப்புக் காசுகளுக்கு நடுவே வைத்தால் அசல் மணி சுழலும் என்பதும் இந்த வகைதான். விரல் கொடுக்கும் அழுத்தத்தில் எந்தக் கொட்டையும் சுழலும்.

பார்க்க வேண்டியது கோடுகளை. பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கி, ஒரு மணியை எடுத்துக் காம்புப் பக்கத்திலிருந்து அடிவரை ஒரு கோட்டைப் பின்தொடருங்கள். அசல் மணியில் கோடு நடுவில் அறுபடாது. மேடு பள்ளங்களுக்கிடையே வளைந்து நெளிந்து அடியைத் தொடும். ஒவ்வொரு கோடும் உள்ளே இருக்கும் ஓர் அறையோடு சேர்ந்தது. கோடு ஐந்து என்றால் உள்ளே அறையும் ஐந்து. கத்தியால் கீறிய போலிக் கோடு ஒரே ஆழத்தில் ஓடும், அல்லது முண்டு வந்த இடத்தில் நின்றுபோகும். போலிகள் மிகுதியாக வருவது ஒரு முகத்திலும், இரட்டை மணி ஒட்டிய கௌரிசங்கரிலும், பத்துக்கு மேற்பட்ட முகங்களிலும்தான். பணம் அங்கேதான் இருக்கிறது. ஐந்து முகம் மரத்தில் மிகச் சாதாரணமாக விளைவது. விலையும் குறைவு. அதைப் போலியாகச் செய்து யாருக்கு என்ன லாபம்? அப்பாவின் மணிகள் அசல்தான் என்று நம்புங்கள்.

இந்த மணிகள் பெரும்பாலும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவின் ஜாவாவிலிருந்தும் வருகின்றன. நேபாள மணி பெரியது, ஜாவா மணி சிறியது. “பாபநாசம் மலையில் எடுத்தது” என்று சொல்லி விற்க வந்தால் நம்ப வேண்டாம். களக்காடு, முண்டந்துறைக் காடுகளில் அதே பேரினத்து மரங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் கடையில் தொங்கும் மாலை அவற்றிலிருந்து வருவதில்லை. புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்து எதையும் பொறுக்கிக்கொண்டு வரவும் கூடாது.

இனி, 47 மணிகளை என்ன செய்வது? குறைந்த ஏழுக்குப் புதிய மணிகளைச் சேர்க்கலாம், தவறில்லை. அவை வெளிறித் தெரியும், நாள்பட உடம்பு எண்ணெயில் கருத்து மற்றவற்றோடு சேர்ந்துவிடும். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. உடம்பில் எங்கெங்கே எத்தனை மணி அணிவது என்று சைவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. தலைக்கு 40, காதுக்கு ஆறாறு, கழுத்துக்கு 32, கைக்குப் பன்னிரண்டு, மார்பில் தொங்கும் மாலைக்கு 108. அந்தக் கணக்குப்படி 32 மணிகளோடு நாயக மணியையும் சேர்த்துக் கழுத்துக்குக் கண்டிகையாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். பழைய மாலைபோல மார்பில் தொங்காது, கழுத்தை ஒட்டிக் கிடக்கும். களத்தில் நின்று வேலை பார்ப்பவருக்கு அதுதான் வசதி. பன்னிரண்டு மணிகளை ஒரு கைமாலையாக்கி அம்மாவிடம் கொடுங்கள். அணிவதா, பூசையில் வைப்பதா என்பதை அம்மா முடிவு செய்யட்டும். பெண்கள் அணியக் கூடாது, கணவரை இழந்தவர் அணியக் கூடாது என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். மிச்சம் மூன்று மணிகள் திருநீற்றுச் சம்புடத்தில் இருக்கட்டும். என்றாவது ஒரு மணி வெடித்தால் மாற்ற உதவும்.

கோர்க்கக் கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். மணிக்கு மணி முடிச்சு வேண்டும். பழைய மாலையில் முடிச்சு இருந்திருந்தால் நூல் அறுந்த இடத்தில் ஒரு மணியோ இரண்டோ போயிருக்கும், ஏழு போயிருக்காது. அவசரத்தில் கோர்ப்பவர்கள் முடிச்சைத் தவிர்த்துவிடுவார்கள், ஏனென்றால் நேரம் பிடிக்கிற வேலை அது. நல்ல கைகாரர் ஊசியின் முனையால் முடிச்சை மணியின் வாய்வரை தள்ளிக்கொண்டுபோய் இறுக்குவார். மணி அசைய ஒரு நூலிடை இடம் விடுவார். அந்த இடம் இல்லாவிட்டால் மணிகள் ஒன்றையொன்று நெரித்து விளிம்பு உதிரும். கூடக் கொஞ்சம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

பூண் கட்டுவதென்றால் வெள்ளியில் கட்டுங்கள். செப்புக் கம்பி வேண்டாம், வியர்வை பட்டால் களிம்பு பிடித்துக் கழுத்தெல்லாம் பச்சையாகும். வெள்ளிப் பூண் கறுத்தால் துணியால் தேய்த்தால் போதும். புளி போட்டு விளக்கினால் புளிப்பு மணிக்குள் இறங்கிவிடும்.

மிச்ச மணிகளை ஆற்றில் விடும் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்ற பெயரில் விடப்பட்ட பழந்துணிகள் எத்தனை வண்டி அள்ளினாலும் தீராமல் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம், உங்கள் ஆலைக்கு வரும் நெல்லும் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. உடைந்து இனி ஆகாது என்று ஆன மணி இருந்தால் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் புதைத்துவிடுங்கள். கொட்டைதானே, மண்ணுக்குப் போகட்டும்.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சோப்பு. மாலையோடு குளிக்கும்போது சோப்பு நுரை மணியின் பள்ளங்களில் தங்கிவிடுகிறது. நன்றாகக் காயும் முன்பே சட்டை போட்டுவிடுகிறோம். பிறகு நாள் முழுவதும் வியர்வையில் அது கரைந்து தோலில் ஊறிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தவிட்டுத் தூசியும் கூட. ஆற்றிலும் அருவியிலும் வெறும் தண்ணீரில் குளிக்கும்போது மாலை கிடந்தால் கெடுதி இல்லை. ஆனால் குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவி கொட்டும் வேகத்துக்கு எந்த நூலும் தாங்காது, அங்கே கழற்றிவிடுங்கள். வீட்டில் சோப்புப் போட்டுக் குளிக்கும்போதும் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். திருச்செந்தூரில் கடலாடிவிட்டு வந்தால் மாலையையும் நாழிக்கிணற்றுத் தண்ணீரிலோ வீட்டுத் தண்ணீரிலோ அலசுங்கள், உப்பு நூலில் தங்கக் கூடாது. இரவில் கழற்றிக் காற்றாட வைத்தால் தோலுக்கும் நல்லது, நூலுக்கும் நல்லது. இவ்வளவும் செய்து அரிப்பு நிற்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதையும் சகுனமாக்கிவிட இடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் வேலைக்கு மாதம் ஒருமுறையாவது மாலையைக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, பல் துலக்கிய பழைய பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேயுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறும், பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது தவிடும் அழுக்கும். பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம், நம் ஊர் சித்திரை வெயில் மணியை வெடிக்க வைத்துவிடும். காய்ந்தபின் உள்ளங்கையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, மாலையை இரண்டு கைகளுக்கும் நடுவே உருட்டுங்கள். மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். நெய்யில் ஊறவைத்துப் பாலில் ஊறவைக்கும் வழக்கம் புதிய மணிகளுக்கு உண்டு. கோர்ப்பதற்கு முன் ஒருமுறை செய்து நன்றாகக் கழுவிவிட்டால் சரி. அணிகிற மாலைக்கு அடிக்கடி நெய் தடவினால் சிக்கு வாடை அடிக்கும், எறும்பு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் போகாமல் பெட்டியில் வைத்துப் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் அணிந்திருப்பதுதான் மணிக்குப் பாதுகாப்பு.

துஷ்டி வீட்டுக்குப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். செபம் எண்ணும் மாலை வேறு, அணியும் மாலை வேறு. எண்ணும் மாலை பையில், பூசையறையில் இருக்க வேண்டியது. அதை எங்கும் சுமந்து திரிவதில்லை. அணியும் மாலை உங்களோடு வரட்டும். திரும்பி வந்து நீங்கள் தலை முழுகும்போது அதுவும் முழுகிவிடும். கறி விஷயத்தில், சிவதீட்சை பெற்றவர் குரு சொன்ன நியமப்படி நடக்க வேண்டும், அங்கே நான் பேச இடமில்லை. நீங்கள் தீட்சை பெறவில்லை என்றால் வீட்டு வழக்கத்தைப் பின்பற்றுங்கள். அப்பா என்ன செய்தார் என்று கேளுங்கள். சாப்பிடும்போது கழற்றி வைத்தார் என்றால் நீங்களும் கழற்றி வையுங்கள். மனம் உறுத்தாமல் இருப்பது முக்கியம்.

ஆனால் அணியாமலே இருந்துவிடலாமா என்ற கேள்விக்கு மட்டும் என் பதில், கூடாது. பாண்டிய நாட்டை ஆளும்படி மூர்த்தி நாயனாரிடம் வேண்டியபோது அவர் திருநீற்றை அபிடேகமாகவும், சடையை முடியாகவும், உருத்திராட்சத்தை அணிகலனாகவும் கொண்டு ஆண்டார். வழக்கும் வரியும் பார்க்கிற அரசருக்கே அது அன்றாட அணிகலனாக இருந்தது என்றால், நெல் மூட்டைக் கணக்குப் பார்க்கிற உங்களுக்கு ஏன் ஆகாது? உங்கள் அப்பாவும் வேலைக்குப் போன மனிதர்தானே.

கடைசியாக, நூல் பற்றி. அறுந்துவிடும் என்ற பயத்தில் நைலான் நரம்பில் கோர்க்கச் சொல்லாதீர்கள். முறுக்கிய பருத்தி நூலோ பட்டு நூலோ போதும். ஆண்டுக்கு ஒருமுறை, சிவராத்திரிக்கு முன்போ ஆனித் தேருக்கு முன்போ, புது நூலில் மாற்றிக் கோர்த்துவிடுங்கள். ஆலையில் பெல்ட் ஓடும் பக்கம் போகும்போது மாலை சட்டைக்குள் இருக்கட்டும். அதையும் மீறி எங்காவது சிக்கினால், நூல் உடனே அறுந்து கொடுக்க வேண்டும். நைலான் கொடுக்காது.

அன்புடன்,
அண்ணாச்சி