தேன் ஏறுது, பூ மட்டும் ஏறலைன்னா

தேனையும் பூவையும் எலாஸ்டிக்சர்ச்ல (தரவைச் சேமிச்சுத் தேடுற மென்பொருள்) ஒரே இண்டெக்ஸ்ல (பதிவுகளோட தொகுப்பு) ஏத்தினா பூ மட்டும் ஏறலை, ரெண்டா பிரிக்கணுமான்னு கேட்டா: ஒரே இண்டெக்ஸ் போதும், பிரிக்க வேண்டாம். மார்த்தாண்டம் தேனுக்கு ஒரு ஃபீல்ட் (பதிவுக்குள்ள இருக்கிற தகவல் கட்டம்), தோவாளைப் பூவுக்கு வேற ஃபீல்ட் என்பதையெல்லாம் எலாஸ்டிக்சர்ச் கண்டுக்காது.

பூ மட்டும் 400 பிழையோட (அனுப்பினது தப்புங்கிற பதில்) திரும்புதுன்னா 'அளவு' ஃபீல்டுதான் காரணமா இருக்கும். முதல்ல ஏறின தேன்ல அளவு 500, வெறும் எண். அதைப் பார்த்து அந்த ஃபீல்டை 'லாங்'னு (முழு எண் டைப்) எலாஸ்டிக்சர்ச் முடிவு கட்டியிருக்கும். பிறகு "2 முழம்" வந்தா வாசலிலேயே தள்ளிடும். பெயர் ஒண்ணுன்னா டைப்பும் ஒண்ணா இருக்கணும், இதுல சமரசமே கிடையாது.

மேப்பிங்கை (எந்த ஃபீல்டுக்கு எந்த டைப்ங்கிற பட்டியல்) எடுத்துப் பாருங்க. 'லாங்'னு இருந்தா:

1. இருக்கிற ஃபீல்டின் டைப்பை மாத்த முடியாது. புது இண்டெக்ஸ்ல அளவு எண்ணாவும், அலகு (மி.லி., முழம்) தனி கீவேர்டாவும் (பிரிக்காம அப்படியே வைக்கிற சொல் டைப்) எழுதுங்க. 'வகை'ன்னு இன்னொரு கீவேர்டு வச்சுக்கிட்டா தேனை மட்டும் வடிகட்டலாம்.
2. தேனைப் புது இண்டெக்ஸுக்கு ரீஇண்டெக்ஸ் பண்ணிட்டு (நகலெடுத்துட்டு), பூவை 2, முழம்னு பிரிச்சு அனுப்புங்க.

பூவை முதல்ல ஏத்திப் பார்க்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பிழை வராது, ஆனா எண்ணெல்லாம் டெக்ஸ்டா உட்கார்ந்துடும். அதோட கீவேர்டு துணை ஃபீல்டை வச்சு வரிசைப்படுத்தினா, எழுத்து வரிசைப்படி 60க்கு முன்னால 500 வந்து நிக்கும். என்னைக் கேட்டா பிழை வர்றதே மேல்.

பொருளுக்குப் பொருள் புதுப் பெயர் சேர்த்துக்கிட்டே போகாதீங்க, ஒரு இண்டெக்ஸுக்கு இயல்பான ஃபீல்ட் வரம்பு 1000தான்.