கிரீன் காபி கேப்சூல் போட்டதுலேர்ந்து தூக்கமே வரல: பதில்

எடை குறையணும்னு நீங்க சாயந்திரம் போடுற கிரீன் காபி கேப்சூலை முதல்ல நிறுத்துங்க, நீங்க சொல்ற படபடப்பும் தூக்கம் வராததும் பெரும்பாலும் அதுல இருக்கற கஃபீனால தான். வறுக்காத காப்பிக்கொட்டை சாறு தானே அது, அந்தக் கொட்டைல இருக்கற குளோரோஜெனிக் ஆசிட்ங்கற பொருளைச் சொல்லி விளம்பரம் பண்ணுவாங்க, கஃபீனும் கூடவே வரும், அதுக்கு மேல நீங்க ஃபில்டர் காப்பி வேற ரெண்டு வேளை குடிக்கறீங்க.

லேபிள்ல கஃபீன் எத்தனை மி.கி.ன்னு பாருங்க, லேபிள்ல அது போடலன்னா அந்த டப்பாவே வேணாம். ஒரு வாரம் கேப்சூல் இல்லாம வழக்கமான காப்பி மட்டும் குடிங்க, தூக்கம் வந்துட்டா காரணம் கேப்சூல்தான்.

எடை குறையும்னு பெருசா பேசப்பட்ட 2012 ஆய்வையே 2014ல வாபஸ் வாங்கிட்டாங்க, அந்தக் காசுக்கு பீச் ரோட்டுல நடந்துட்டு நல்ல மீனா வாங்கி சாப்பிடலாம்.

பிபி இருந்தாலோ, நிறுத்தியும் படபடப்பு அடங்கலன்னாலோ ஜிப்மர் ஆஸ்பத்திரில காட்டிடுங்க, டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.