லெனின்கிராட் விதைகள்: கேள்வி பதில்

ஜெர்மன் படை சோவியத் நகரமான லெனின்கிராடை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) முற்றுகையிட்ட 1941–44 காலத்தில், அங்கிருந்த பயிர் ஆய்வு நிலையத்தின் விதைச் சேகரிப்பைக் காத்தவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, கைக்கெட்டும் தூரத்தில் நெல் இருந்தும் பட்டினியில் செத்தார்கள் என்பது நிஜமா, கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான். நெல் பிரிவைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் பட்டினியால் இறந்தார். அவர் பொறுப்பிலிருந்த ஆயிரக்கணக்கான பொட்டலங்கள் அப்படியே இருந்தன. நிலக்கடலை நிபுணர் அலெக்சாண்டர் ஷ்சுகின் எழுதும் மேசையிலேயே போய்விட்டார். 1941 நவம்பர் கடைசியில் அலுவலக ஊழியருக்கு ரேஷன் நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் பாதி மாவே இல்லை, கலப்படம்.

கேள்வி: சாப்பிட்டிருந்தால் ஊரைக் காப்பாற்றியிருக்கலாமே?

பதில்: இருபது லட்சம் பேருக்கு மேல் சிக்கிய ஊர். பொட்டலம் பொட்டலமாக இருந்த விதை எந்த மூலைக்கு? ஆனால் அந்தச் சிலர் பிழைத்திருக்கலாம். தின்றிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

கேள்வி: விதையைப் பூட்டிவைத்தால் போதாதா? உருளைக்கிழங்குக்கு ஏன் அத்தனை பாடு?

பதில்: நல்ல கேள்வி. காய்ந்த தானியத்தைத் தகரப் பெட்டியில் அடைத்து எலியிடமிருந்து காத்தால் சில வருஷம் தாங்கும். உருளை அப்படியில்லை. ரகம் மாறாமல் இருக்க வேண்டுமானால் கிழங்கையேதான் நட வேண்டும், அதுவும் வருஷா வருஷம். உறைந்துவிட்டால் அழுகிப்போகும், முளைக்காது. நகருக்கு வெளியே நிலையத்தின் பாவ்லோவ்ஸ்க் வயலில் குண்டு விழ விழ ஆப்ரகாம் காமெராஸும் ஓல்கா வஸ்க்ரசென்ஸ்கயாவும் கிழங்கைத் தோண்டியெடுத்தார்கள். நகரத்து நிலவறைக்கு வந்த அதை வதீம் லெக்னோவிச் பார்த்துக்கொண்டார். வெளியே உறையும் குளிர், ஊரில் விறகு கிடையாது. கிடைத்த மரத்துண்டு, அட்டை எல்லாம் அடுப்புக்குப் போயின. தான் குளிர்காயவா? கிழங்கு உறையாமலிருக்க! 1942 வசந்தத்தில் அதை மறுபடி நட்டும்விட்டார்கள்.

கேள்வி: சேகரிப்பை உருவாக்கிய வவிலோவ் எங்கே போனார்?

பதில்: சிறைக்கு. 1940 ஆகஸ்டில் அவர் சொந்த அரசே கைது செய்தது. ஸ்டாலின் ஆதரவு பெற்ற, மரபியலை மறுத்த வேளாண் ஆய்வாளர் லைசென்கோவின் அறிவியலை எதிர்த்தது முக்கியக் காரணம். 1943 ஜனவரி 26-ல் சரதோவ் சிறையில் இறந்தார். அவருக்கும் சாப்பாடில்லாமல்தான் உடம்பு போனது.

கேள்வி: இந்தக் காலத்தில் போர் வந்தால்?

பதில்: வந்ததே, சிரியாவில். அலெப்போ பக்கத்து விதை வங்கி முன்கூட்டியே நார்வேயின் ஸ்வால்பார்டிலுள்ள விதைப் பெட்டகத்துக்குத் தன் விதைகளின் நகல் அனுப்பியிருந்தது. 2015-ல் அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கி லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017-ல் புது விதை ஸ்வால்பார்டுக்கே திரும்பிப் போனது.